554-ஆம் துறை

ஹீயுமா தீவில் படகு நின்று பதினோரு நாள்.
உறைந்த கடல்மேல் ஜூனிப்பர் கிளைகளை நட்டுப்
பாதை போட்டிருக்கிறார்கள்.
"இன்று திறந்திருக்கிறதா?"
அக்கரையிலிருந்து நாளைக்கு நாற்பது போன்.
அலுத்துப்போய் மேலிஸ் சொன்னார்:
"உர்வே, கம்பத்துக் கேமராவை நேரலையில் விட்டுவிடு."

நேரலை.
அலை என்று ஒன்று இருந்தால்
எனக்கு இந்த வேலையே இல்லை.

கேமராவை மாட்டிய தார்மோ
கோடையிலேயே பின்லாந்து போய்விட்டான்.
அவன் எண் உபயோகத்தில் இல்லை.
பெயர்ச்சீட்டை உப்பு தின்று
மிச்சம் வைத்தது ஓர் ஏழும் அரை எட்டும்.

ஆர் டி எஸ் பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு,
பெயர், கடவுச்சொல், புள்ளி வைத்த நான்கு எண்கள்,
பிறகு துறை: 554.
எங்கள் தீவு முழுக்கச் சுற்றினாலும்
பத்துத் துறை தேறாது.
மற்றதெல்லாம் எந்தக் கரையில்,
அங்கே எந்தக் கப்பல் கட்டுகிறது?

அதற்கும் பிறகு ஒரு வால். அதுதான் கழுத்தறுப்பு.
கம்பெனிக்குக் கம்பெனி வேறு வால்.
ஸ்ட்ரீம் ஒன்று. லைவ் பூஜ்யம். சேனல் நூற்றொன்று.
ஒரு கோடு விட்டுப்போனால் கருப்புத் திரை,
சரியாக எழுதினாலும் கருப்புத் திரை.

ஒன்பது மணிக்கு மேல்
வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடினேன்.
பிரிண்டர். மீன் எடை போடும் தராசு.
சானா அறையின் சூடு காட்டும் பெட்டி.
பெயரில்லாத ஒருவன், கடைசி எண் 71.

தட்டினேன். திறந்தான்.

ஓர் அறை. சாம்பல் நிற ஸ்வெட்டரில்,
கொண்டையில் பென்சில் செருகி,
முதுகு வளைந்து ஒரு பெண்பிள்ளை.
இந்நேரத்தில் இவளுக்கென்ன வேலை என்று
காப்பிக் கோப்பையை எடுத்தேன்.
இரண்டு விநாடி கழித்து
அவளும் எடுத்தாள்.

கோப்பையை வைத்தேன்.
காத்திருந்தேன்.
வைத்தாள்.

அலமாரி மேலே, படகுப் போட்டிக் கோப்பைகளின் நடுவே,
நாவல் விதையளவு ஒரு கருப்புக் கண்.
நவம்பர் பதினான்கிலிருந்து இருக்கிறதாம்.
நவம்பரிலிருந்து நான் என்னென்ன செய்தேன்?
பாடினேன், அதுவும் சுருதி இல்லாமல்.
கல்யோவின் ஹெர்ரிங் ஜாடியை மூன்று முறை திறந்தேன்.
ஒரு வியாழக்கிழமை அழுதேன், காரணம் சொல்ல மாட்டேன்.
மேலிஸை, பெயர் சொல்லி,
அவர் தாத்தா வரைக்கும் திட்டினேன்.

கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.
மாற்றினேன்.
நாற்காலி போட்டு ஏறினேன்.
எடுத்து எறியத்தான் ஏறினேன்.
ஆனால் சன்னல் அங்கேயே இருந்தது,
சன்னலுக்கு வெளியே பாதை,
பாதை நெடுக நிலா வெளிச்சத்தில் கிளைகள்.
கண்ணைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

காலையில் மேலிஸிடம் முகவரியை நீட்டினேன்.
"கம்பத்துக் கேமராதானே?" என்றவர்
கடைசி எண்ணுக்கு வந்து நின்றார்.
எழுபத்தொன்று.
முகம் அப்படியேதான் இருந்தது;
காது இரண்டும் நண்டு வேகிற நிறம்.
"படம் நன்றாக இருக்கிறது" என்றார்.
"இருக்கும்" என்றேன்.

கம்பத்துக் கேமராவுக்குக் கடைசிவரை வால் அகப்படவில்லை.
பனியையே பார்த்துக்கொண்டு
எவரோடு பேசுகிறதோ.

இப்போது போன் குறைந்துவிட்டது.
இன்று மதியம் லெய்டாவின் சிவப்பு வண்டி வந்தது,
பெல்ட் போடாமல், மெதுவாக, விதிப்படி.
சன்னலில் கரையேறிவிட்டாள்.
திரையில் அவளுக்கு
இன்னும் இரண்டு விநாடி பனி பாக்கி.
எட்டிப் பார்த்துக் கையசைத்தவள் நான்தான்;
தலையும் கையும் படத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டன.
நாற்பது பேர் பார்த்திருப்பார்கள்.
பார்க்கட்டும்.