வெள்ளம் என்றால் இங்கே வேறு

சனி இரவு படிவம் நிரப்ப வேண்டும்.
சந்தித்த வீடுகள். ஜெபித்த வீடுகள்.
கொடுத்த கைப்பிரதிகள். ஞானஸ்நானம்.
நான்கு கட்டம், நான்கு எண்.
படம் எடுத்துத் திருவொற்றியூர் அலுவலகத்துக்கு அனுப்ப
மணல்மேட்டில் ஏற வேண்டும்.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற பக்கம்தான்
சிக்னல் வரும்.

எண்ணூர்க் கழி கடந்து
இந்தத் தீவில் வந்திறங்கிய அன்று
மார்த்தாண்டத்து நாக்கோடு கேட்டேன்:
"அக்கா, கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா?"
கஸ்தூரி மூன்று நொடி என்னைப் பார்த்தார்.
"ரெண்டு தபா வந்துட்ச்சு பிரதர்.
ஊட்டுக்குள்ள ஆள் ஒசரம் நின்னுச்சு.
இன்னும் வோணுமா?"
பிறகு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார்.
கேன் தண்ணீர். முப்பத்தைந்து ரூபாய், படகுக்கூலி தனி.
அது எனக்குத் தெரிய ஒரு மாதமானது.

முதல் ஞாயிறு,
கவலைகளை இறக்கி வையுங்கள் என்று பிரசங்கித்தேன்.
தகரக் கொட்டகையில் ஒன்பது பேர்.
தேசப்பன் கை தூக்கினார், பள்ளிப் பையன் போல:
"கவல எங்க கெடைக்குது இப்ப?
வலைல ஒண்ணு வுழல."
எங்கள் ஊரில் அது சாளை.
இங்கே கவலை; கூறு கட்டி விற்பார்கள்,
புளி தூக்கலாகக் குழம்பு வைப்பார்கள்.
சிரித்து முடித்தபோது
ஆமென் சொல்ல யாருக்கும் மூச்சில்லை.

செவ்வாய்தோறும் மனு எழுதுகிறேன்.
குழாய் உடைந்து ஆற்றில் கொட்டும் சாம்பல் பற்றி.
பெறுநர் மாறுவார்.
சாம்பல் அதேதான்.

வியாழன், அக்கரை ரேஷன் கடை.
ரேகை விழாதவர்களோடு வரிசையில் நிற்கிறேன்.
சேற்றில் இறால் தடவித் தடவி
விரல் வழவழத்துப் போனவர்கள்.
இயந்திரம் மூன்று முறை மறுதலிக்கும்.
சேவல் கூவாது.

மற்ற நாட்கள் கலந்து போகின்றன.
லோகுவுக்கு ஏழாம் வாய்ப்பாடு,
யாருடைய காய்ச்சலுக்கோ ஆட்டோ,
திங்கள் துணி துவைப்பது.
வெள்ளைச் சட்டை மூன்றும் ஒரே சாம்பல் நிறம்.
"நீலம் போடலியா மக்களே?" என்கிறாள் அம்மா, வீடியோவில்.
போட்டேன் என்கிறேன்.

நேற்று வெள்ளி, உபவாசம்.
நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு
கஸ்தூரி ஒரு பறியை நீட்டினார்.
கழுத்தளவு தண்ணீர்.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரு கையாலும் அடியில் துழாவ வேண்டும்.
வாய் திறந்தால் பிடித்ததெல்லாம் போகும்.
ஊழியத்துக்கு வந்தபின்
இத்தனை நேரம் நான் பேசாமலிருந்தது அதுதான் முதல் தடவை.
ஆலை விடும் சுடுநீர் கலந்து
ஆறு வெதுவெதுப்பாக இருந்தது.
அகப்பட்டவை இரண்டு இறால், ஒரு ஷாம்பூ பாக்கெட்.

எவனோ தோண்டிவிட்டுப் போன பள்ளம்.
கால் வைத்தேன், இல்லை.
மூக்கிலும் காதிலும் சாம்பல் குழம்பு.
தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து
யாரோ மேலே இழுத்தார்கள்.
கரையிலிருந்து தேசப்பன் கேட்டார்:
"இன்னா பிரதர், பட்டை போட்டுக்கினியா?"

கஸ்தூரி என்னைக் குந்தவைத்து
தலையில் ஊற்றினார், ஒரு குடம், பின் இன்னொரு குடம்.
ஆற்றுத் தண்ணீர் அல்ல.
கேன் தண்ணீர்.
கண்ணை மூடிக்கொண்டு
விலையைக் கணக்குப் போட்டேன்.
"போதும்க்கா" என்றேன்.
"வாய மூடு, உள்ள போவும்" என்றார்.

பதினோரு மாதமாக நான்காம் கட்டத்தில் சுழியம்.
இன்று ஒன்று என்று எழுதி அனுப்பினேன்.
உடனே பதில்: "ஸ்தோத்திரம் அஜின்! ஆத்துமாவின் பெயர்?"

மணல்மேட்டில் நின்று
தட்டச்சு செய்கிறேன், அழிக்கிறேன்.
காதுக்குள் இன்னும் கரகரப்பு.
கொடுத்தவர் யாரென்று கேட்டால் சொல்லிவிடுவேன்;
அவர்கள் அதைக் கேட்கவில்லை.

நாளை ஆராதனை எட்டுக்கு என்று பலகையில் இருக்கிறது.
படகு தரை தட்டாத நேரத்துக்குத்தான் தொடங்கும்.
அதற்கு முன் அக்கரை போய்
ஒரு கேன் தூக்கி வர வேண்டும்,
கஸ்தூரி வீட்டுக்கு.