வாயில் இருப்பது

பகலெல்லாம் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறேன்.
ராத்திரி அறைக்கு வந்து
அதே தண்ணீரில் திரும்பக் கரைக்கிறேன்:
சோடா உப்பு ஒரு கரண்டி, எப்சம் உப்பு இரண்டு,
பவளத் தூள் ஒரு கைப்பிடி.
சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

கற்கள், கித்ஃபாவுக்குப் பின்னால்
மலையிறங்கும் காய்ந்த ஓடையில் பொறுக்கியவை.
ஒவ்வொன்றின் மேலும் வினிகர் சொட்டி
நுரைத்ததை மட்டும் தூக்கிவந்தேன்.

நாலடித் தொட்டி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்.
பதினாலு மஞ்சள் சிக்லிட்.
ஏசி நின்றுபோனால் ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவேன்.
"காசு குடுத்து மீன் வாங்கிக்
கொழம்பு வைக்காத ஆள
இப்பத்தான் பாக்கேன்" என்பான் வறுவேல்,
கீழ்க்கட்டில், குளச்சல்காரன்.
பம்பின் சத்தம் வேறு அவனுக்கு ஆகாது.

கேட்டில் நிற்கும் லிம்பானி
இந்த மீன்களின் ஏரிக்கரையில் பிறந்தவர்.
ஒருநாள் பார்க்க வந்தார்.
ம்புனா, என்றார். விலை கேட்டார்.
சொன்னேன். பிறகு வெகுநேரம்
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.
மீன்கள் அந்தக் கையைக் கொத்த வந்தன.

ஜூலையில் ஒருத்தி தீவனத்துக்கு வரவில்லை.
தாடை தொங்கியிருந்தது.
எதையோ மெல்வதுபோல், விழுங்காமல்.
காலண்டரில் கோடு போட ஆரம்பித்தேன்.
இருபத்தோரு நாள் பட்டினி கிடப்பாள்.
பதினெட்டில் பிடித்து, வாயை மெல்லத் திறந்து
குஞ்சுகளைத் தனியே விடவேண்டும்.
அவளாகத் துப்பினால் மற்றவை தின்றுவிடும்.

பதினேழில் கடல் சிவந்தது.
பாசி வந்து வடிகட்டிகளை அடைத்தது.
ஐந்து நாள் ஆலையிலேயே கிடந்தோம்.
தொட்டியில் எவ்வளவு மிச்சம், தொட்டியில் எவ்வளவு மிச்சம்,
ஃபோனில் எல்லோருக்கும் அதே கேள்வி.
எனக்கும் அதே கேள்விதான்.
தொட்டிதான் வேறு. யாரிடம் சொல்ல?

திரும்பியபோது அவள் கத்தியாய் மெலிந்து
கல்லிடுக்கில் கிடந்தாள். வாய் காலி.
மற்றவை கொழுத்திருந்தன.

வறுவேல் எழுந்து
சோறு பொங்கும் குக்கரின் மூடியைத் தூக்கினான்.
ஒன்பது. அரிசியளவு உடம்பு,
அதற்குப் பொருந்தாத பெரிய கண்.
"பதினொண்ணு பிடிச்சேன். ரெண்டு போச்சு."

நாலு நாளாகக் குபூஸ்தான் தின்றிருக்கிறான்.
குக்கருக்குள் குமிழிவிட்ட குழாயைத்
தொடர்ந்து போய்ப் பார்த்தேன்.
அந்தப் பம்பு
அவன் தலையணைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.