தூண் இல்லாத தீவு

கோடையில் எங்களுக்கு விடுப்புக் கிடையாது.
நீங்கள் வருகிற மாதங்கள் அவை.
நவம்பரில் தருவார்கள், பதினோரு நாள்,
கொரிந்துவின் கற்கள்மேல் மழை விழுந்து
காவலுக்கு ஒரு பூனை போதும் என்கிற நாட்களில்.
என் உத்தியோகம்:
ஏழு தூண், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில்.

மேசையில் பூப்போட்ட விரிப்பு,
விரிப்பின்மேல் ஏஜியன் கடலின் வரைபடம்,
வரைபடத்தின்மேல் எவாந்தியாவின் காப்பிக் கோப்பை.
அது பதித்த வட்டத்துக்குள்
நான்கு தீவுகள் ஏற்கெனவே மூழ்கிவிட்டன.

அவளுக்கு ஒரே நிபந்தனை:
"தூண் இருக்கக் கூடாது.
நின்ற தூண், விழுந்த தூண், பாதித் தூண்,
எதுவும்."

நியாயம்தான்.
தேனிலவுக்கு அவளை டெல்ஃபிக்கு அழைத்துப்போனேன்,
ஊழியர் அட்டைக்கு நுழைவு இலவசம் என்று.
இரண்டாம் நாள் யாரோ ஒரு டென்மார்க்காரர்
பலிபீடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்.
என் ஊரில்லை, என் பணியில்லை,
ஆனாலும் விசில் என் வாயில் இருந்தது.
இருபத்தாறு வருடமாகிறது.
கோபம் வந்தால் இன்னும் அவள்
இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிக்காட்டுவாள்.

அவளுக்கு வேலை லூட்ராகியில்,
ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில்.
மற்றவர்களின் விடுமுறை எப்படி முடியும் என்று
அவளுக்குத் தெரியும்:
தலையணை உறைக்குள் மணல்,
துண்டில் மாதுளைக் கறை,
யாரும் திரும்பிக் கேட்காத ஒற்றைக் காதணி.
எப்படித் தொடங்கும் என்றுதான் தெரியாது.

தேடினோம்.
ஒரு தீவில் தலையில்லாத தேவி.
ஒன்றில் மூன்றே படி மிஞ்சிய அரங்கு.
ஒன்றில் ஒன்றுமில்லை என்று நம்பியிருந்தோம்,
போன வருடம் கிணறு தோண்டியவன்
பளிங்கில் ஒரு கால் கட்டைவிரலை எடுத்துவிட்டானாம்;
இப்போது அங்கே வேலி, பலகை, என்னைப்போல் ஒருவன்.
தூண் இல்லாத தீவைக் கண்டால் கப்பலைக் காணோம்,
கப்பலைக் கண்டால்
கரையிலேயே நிற்கிறது தூண்.

கடைசியில் ஒன்று.
பெயர் சொல்ல மாட்டேன்.
சொன்னால் வருவீர்கள்.
வாரத்துக்கு ஒரு கப்பல், வெள்ளி இரவு,
பன்னிரண்டு மணி நேரம்;
காற்று எட்டைத் தாண்டினால் அதுவும் இல்லை.
தங்க ஒரே ஒரு வீடு. சராந்திஸ் என்பவர் போனை எடுத்தார்,
பின்னால் ஆடுகளும் பேசின.

"ஐயா, அங்கே இடிபாடு ஏதாவது உண்டா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
நவம்பருக்கு வாய்த்த ஒரே விருந்தாளியை
இழக்க மனமில்லாத மௌனம் அது.
"பட்டிக்குப் பின்னால் இரண்டு கல் கிடக்கிறது.
கோயில் என்பார் பாதிரியார்.
வேண்டுமானால் கழுவி வைக்கிறேன்."
"வேண்டாம், வேண்டாம்."
"என் அண்ணன் வீட்டுக் கூரை விழுந்து பதினெட்டு வருடம்.
அதைப் பார்க்கலாம். காசு வேண்டாம்."

எவாந்தியா போனைப் பிடுங்கினாள்.
"படுக்கை விரிப்பை யார் துவைப்பது?"
"நான்தான் அம்மா. கையால்."
"மடிப்பது?"
"மடிப்பதில்லை. கொடியிலிருந்து எடுத்து
காற்றோடு அப்படியே விரித்துவிடுவேன்."
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"ஆறு இரவு," என்றாள். "எழுதிக்கொள்ளுங்கள்."

இன்று புதன்.
பெட்டி கதவோரம் நிற்கிறது.
அந்த இரண்டு கற்கள்
எந்தத் திசை பார்த்துக் கிடக்கும்,
கிழக்கா, என்று யோசித்தபடி இருக்கிறேன்,
அவளிடம் சொல்லவில்லை.
வானொலி இன்றைக்கு ஏழு என்கிறது.
வெள்ளியைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

கோட்டுப் பையைத் தடவினேன்.
விசிலைக் காணோம்.
கேட்டேன்.
காதில் விழாதவள்போல் ஜன்னலைத் திறந்து
ஒரு விரலை நாவில் நனைத்து
வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறாள்.