மார்சேய் நகரத்து ப

ரொட்டி என்ற சொல்லைப் பாரீஸ்காரர்கள்
மூக்குக்குள்ளேயே பூட்டிக்கொள்வார்கள்.
மார்சேய் கதவைத் திறந்து
பேங் என்று தெருவில் விட்டுவிடும்.
கையும் அப்படித்தான், மேங்.
நாளை, தொமேங்.
நம் ங பாவம்,
'எங்கள்' என்னும்போதுகூட
க-வின் தோளில் சாய்ந்தே நிற்கும்.
இந்த ஊரில் அதற்கு
விடிந்தது முதல் தனி வேலை.

பொமோன் மேட்டில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் மெபாரக்
ஓரெஸ் மலையில் பிறந்தவன்.
அந்த மலையில் உதடுகள் மூடித் திறந்தால்
தொண்டையும் கூடவே பேசும்.
பிரெஞ்சு கேட்கும் வெறும் காற்று
அவனுக்கு வராது.
ஆகவே பதினாறு வருடமாக
அவன் விற்பது குளியல்.
ரொட்டி பேங்.
குளியல் பேங்.
அச்சுப்பிழை இல்லை,
என் மொழியிடம் இருப்பது ஒரே ப.

"நன்றாக வெந்த குளியல் ஒன்று"
என்று கேட்பார்கள் வழக்கமானவர்கள்.
சில நாள் சிரிப்பான்.
சில நாள் சில்லறையை
எண்ணாமல் வைப்பான்.

எதிர்க் கட்டடத்தில் இரண்டு பெத்ரோஸ்.
இரண்டாம் மாடி பெத்ரோஸ், குழாய் வேலை,
அவர் பெயர் நூறு வருடம் முன்பு
கப்பலில் வந்து இறங்கியது.
ஐந்தாம் மாடி பெத்ரோஸ்
குளிர்பெட்டி பழுது பார்ப்பவன்,
போன மார்ச்சில் எரெவானிலிருந்து வந்தான்.
ஆர்மீனிய ஏட்டில் ஒரே பெயர், ஒரே எழுத்து.
ஒருவர் அதைத் தொண்டையோடு சொல்வார்,
மற்றவன் காற்றோடு.
கிழக்கில் கனமானது மேற்கில் மெலியும்,
மெலிந்தது கனக்கும்,
தராசுத் தட்டுகளை
யாரோ இரவில் மாற்றி வைத்ததுபோல.

இது தபால்காரி ஒந்தினுக்குத் தெரியாது.
கண் மருத்துவமனையின் கடிதம்
ஐந்தாம் மாடிப் பெட்டிக்குள் விழுந்தது.
செவ்வாய், காலை ஏழு மணி,
வெறும் வயிற்றோடு வரவும்.
அரசாங்கம் கூப்பிட்டால் போக வேண்டும்
என்று வளர்ந்தவன்.
போனான்.
யாரோ கிட்டத்தட்ட அவன் பெயரைச் சொன்னார்கள்,
கிட்டத்தட்ட அவன் எழுந்து நின்றான்.
வந்த ஏழு மாதத்தில்
அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கிட்டத்தட்டதானே.

வலது கண்ணில் மூன்று சொட்டு விட்ட பிறகுதான்
பிறந்த வருடம் கேட்டார்கள்.

பத்தரைக்குக் கடை வாசலில் நின்றான்,
ஒரு கண் சாதாரணம்,
ஒரு கண்ணில் கருமணி காசளவு விரிந்து
கடலின் வெளிச்சம் முழுக்க அதற்குள் கொட்ட,
பசியோடு.
"பெஷேர்" என்றாள் கல்லாவில் எஷாத்தி.
கொமோரோ தீவுப் பெற்றோர், பிறப்பு இதே ஊர்,
கடையில் மிகக் கெட்டியான மார்சேய்
அவள் வாயில்தான்.
அந்தச் சொல்லுக்கு
'ஐயோ பாவம்' அளவெடுத்துப் பொருந்தும்.

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பினார்.
இரண்டாம் மாடி.
கடிதத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.
"என் பெயரைத் தப்பாகச் சொல்கிறாய்."
"என் பெயரைத்தான் நீங்கள்..."
"துருக்கி, பேரூத், இந்த ஊர்,
எங்கும் இப்படித்தான் சொன்னோம்."
"எரெவானில் வந்து சொல்லிப் பாருங்கள்."
அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த மெபாரக்
இருவரையும் மாறி மாறிக் கேட்டான்.
"இரண்டு பேரும் ஒன்றையேதானே சொல்கிறீர்கள்"
என்றான், உண்மையாகவே.

எங்கிருந்து கிளம்பியது அந்தச் சிரிப்பு
என்று தெரியவில்லை.
எஷாத்தி இல்லை. நானும் இல்லை.

இரண்டாம் மாடிக்காரரின் கண்
நாட்பட்ட பால் ஏடு படிந்தது.
மற்றவனுடையது அளவுக்கு மீறித் திறந்தது.
சாலையைக் கடக்க இருவருக்கும் தெரியவில்லை.
ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு,
ஆளுக்கொரு ரொட்டி அக்குளில் இடுக்கி,
இன்னும் சண்டை போட்டபடி இறங்கினார்கள்.
இதில் எந்த பெத்ரோஸ்
எந்தப் பக்கம் நடந்தார் என்று கேட்காதீர்கள்,
எழுதி முடித்த எனக்கே கலங்கிவிட்டது.

மீதிச் சில்லறை
கண்ணாடித் தட்டிலேயே கிடந்தது.
இருபது சென்ட்.
"வேங்!" என்று கத்தினாள் எஷாத்தி,
"வேங்!"
யாரும் திரும்பவில்லை.
மேட்டுத் தெரு வழியே
அந்த ங் மட்டும் உருண்டு போனது,
துறைமுகப் பக்கம்.