வாத்துத்தலைக் குச்சி

கொஜே தீவில் பிப்ரவரி.
கப்பல் பட்டறையின் ஏழாம் எண் வாசலுக்கு எதிரே
மதியம் ஒன்றுக்கெல்லாம் சூப் தீர்ந்துபோகும் கடை.
என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.
எட்டுப் பேர் கண்ணும் என் வலது கைமேல்.

இங்கே குச்சிகள் மரமில்லை, எஃகு.
தட்டையாக, மெலிசாக,
நான் நாள்முழுக்கச் சோதிக்கும் வெல்டிங் கம்பிக்குத் தங்கச்சி போல.
கம்பியில் குறை கண்டுபிடித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.
குச்சி என்னைச் சோதித்துக்கொண்டிருந்தது.
கையெழுத்து இன்னும் விழவில்லை.

விமானத்தில் மனப்பாடம் செய்தது நினைவிருந்தது:
பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை எடுக்காதே.
கிண்ணத்தைத் தூக்காதே, அது பக்கத்து நாட்டுப் பழக்கம்.
சோற்றில் குச்சியை நட்டுவைக்காதே,
செத்தவருக்கு வைக்கும் படையல் அப்படித்தான் இருக்கும்.
எல்லாம் 'காதே'யில் முடிந்தன.
எப்படிப் பிடிப்பது என்று
ஒரு வரிகூட இல்லை அந்தக் காகிதத்தில்.

நாம்குங் மேலாளர் கரண்டியை எடுத்தார்.
எல்லோரும் எடுத்தோம்.

முதலில் வந்தது முக்.
ஓக் மரத்துக் கொட்டையை அரைத்துக் காய்ச்சி
ஆறவைத்த பழுப்புக் கட்டி.
இறுக்கினால் இரண்டாகும், விட்டால் ஓடும்.
ஒரு துண்டு எழும்பியது.
கிம்ச்சிக் கிண்ணத்தின் விளிம்புவரை வந்தது.
யோசித்தது.
நாற்காலியில் தொங்கிய யூன்-சில்லின் சாம்பல் கோட்டுப் பைக்குள்
இறங்கிவிட்டது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று சொன்னவனைக்
கூட்டிவந்து இந்த மேசையில் உட்காரவைக்க வேண்டும்.
ஐயா, இங்கே கைக்கே எட்டவில்லை.

யூன்-சில் சிரிக்கவில்லை.
பைக்குள் இரண்டு விரல் விட்டு எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.
"நல்லெண்ணெய் போதவில்லை" என்றாள்
கடைக்காரியிடம்.

கடைக்காரி முள்கரண்டி தேடினாள்.
கிடைத்தது குழந்தைக் குச்சி.
தலைப்பக்கம் மஞ்சள் வாத்து ஒன்று இரண்டையும் கவ்விப் பிடித்திருக்க,
விரல் நுழைக்க ரப்பர் வளையங்கள்.
என் நடுவிரல் முதல் கணுவோடு நின்றுவிட்டது.
அடுத்த மேசையில் நாலு வயசு ஒன்று
வாத்தை அடையாளம் கண்டு
உதட்டைப் பிதுக்கியது.

நாற்பத்தாறு வயதில்
ஒரு குழந்தையின் சாமானைப் பிடுங்கியவன் ஆனேன்.
எழுந்துபோய்த் திருப்பிக் கொடுத்தேன், இரண்டு கையாலும்.
அன்றைக்குப் பிசகாமல் செய்த மரியாதை
அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.
நாம்குங் மேலாளர்
சோறு, சூப், முக், கீரை
எல்லாவற்றையும் கரண்டியாலேயே முடித்துக்கொண்டிருந்தார்.
கடைசி நெத்திலி மட்டும் கரண்டிக்கு அகப்படாமல்
தட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது.
இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்,
குச்சியைத் தொட்டார்.
அவர் விரலில் அவை
ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டன,
துருப்பிடித்த கத்தரிக்கோலாக.
என் கண்ணில் பட்டதும்
நெத்திலியை விட்டுவிட்டார்.

வெளியே, மூச்சும் சிகரெட் புகையும்
ஒரே நிறத்தில் போன குளிரில்,
எங்கள் இருவருக்கும் பாதி தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்:
"பெண் கேட்டுப் போன வீட்டில்
மாமியார் என் கையைப் பார்த்தாள்.
உன்னை வளர்க்க ஆளே இல்லையா என்றாள்.
பதினெட்டு வருஷமாகக் கம்பெனி விருந்தென்றால்
எனக்குக் கரண்டிதான்."
சாம்பலைத் தட்டினார்.
"இன்றைக்கு ஒருத்தரும் என் பக்கம் பார்க்கவில்லை."

கொஞ்ச நேரம் கழித்து,
"அடுத்த வெள்ளியும் வருகிறாய், இல்லையா?
என் பக்கத்திலேயே உட்கார்."

அறையில் வேர்க்கடலையை வைத்துப் பழகுகிறேன்.
திங்கட்கிழமை பதினொன்றில் இரண்டு.
நேற்று பதினொன்றில் ஒன்பது.
கையைத் திறந்து பார்த்தேன்,
ஆள்காட்டி விரலோரம் சின்னதாய்க் காய்த்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள்
இதை மறந்தாக வேண்டும்.