காற்று: தென்மேற்கு, மிதம்

சேலம் குகையில் தறிகள் ஒருசேர ஓய்வது
மாதத்தில் ஒரே நாள்.
பராமரிப்புப் பணி, ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று
பேப்பரின் மூலையில் வரும் நாலு வரியைக் கத்தரித்து
சவுடேஸ்வரி பீரோ கதவில் ஒட்டிவைப்பாள்.
அன்றைக்குத்தான் நாங்கள் கடலுக்குப் போவோம்.

ஜன்னலுக்கு இரண்டு மெத்தை,
கதவிடுக்கில் பழைய போர்வை.
ஃபேன் ஓடாது, ஓடினாலும் போட முடியாது.
பேட்டரியில் இயங்கும் ஒலிப்பதிவுக் கருவி என் மடியில்.
நான் கொலுசுப் பட்டறைக்காரன்,
ஆயிரம் மணியில் ஊமை மணி எதுவென்று
காதால் பொறுக்குகிறவன்;
அதனால் இந்த வேலை எனக்கு.

இருநூறு வருஷத்துக்கு முந்திய கப்பல் தலைவன் ஒருவனின் நாட்குறிப்பு,
தமிழாக்கி டைப் அடித்த நானூற்றுப் பன்னிரண்டு தாள்.
புரட்டும் சத்தம் கேட்கக் கூடாதென்று
படித்த தாளைப் பாய்மேல் நழுவவிட வேண்டும்.

பனிமலை மிதந்து வந்தது,
கயிறெல்லாம் உறைந்து கம்பியாகிவிட்டது
என்று வாசித்த பைரோஜாவின் நாடியிலிருந்து
வேர்வை சொட்டித் தாளில் விழுந்தது.
நாங்கள் சிரித்ததை அழிக்க
அரைமணி நேரம் ஆயிற்று.

'ஃபேதம்' என்றிருந்த இடமெல்லாம்
'பாகம்' என்று திருத்தியவன் இருதயராஜ்.
அவன் மாமனார் வீடு மணப்பாடு.
ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு
இழுக்கும்போது கை விரித்து அளப்பார்களாம்,
ஒரு விரிப்பு ஒரு பாகம்.
விரித்துக் காட்டினான்.
ஒரு கை மெத்தையில் இடித்தது.

நடுவே முப்பத்தெட்டு நாளுக்கு
ஒரே வரி.
காற்று தென்மேற்கு, மிதம். வேறு விசேஷமில்லை.
காற்று தென்மேற்கு, மிதம். வேறு விசேஷமில்லை.
சுருக்கிவிடலாமா என்று
கோரிமேட்டுக்கு ஃபோன் போட்டோம்.
அங்கே மாதங்கிதான் கேட்டுக் கேட்டுப் பிழை சொல்கிறவள்;
பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம்,
பிறவியிலேயே பார்வையில்லை.
"தாளில் அது எத்தனை வரி?"
"முப்பத்தெட்டு."
"எனக்கும் முப்பத்தெட்டு."
வைத்துவிட்டாள்.

சவுடேஸ்வரி ஒவ்வொன்றாய் வாசித்தாள்.
இருபதுக்கு மேல் அவள் குரலில்
தண்ணீர் தீர்ந்துபோன ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.
முப்பதாவது நாளில்
நாலே முக்காலுக்கே கரண்ட் வந்துவிட்டது.
தெரு முழுக்க டடக் டடக்.
பாயை அவிழ்த்துவிட்ட கப்பல்போல் ஊரே கிளம்ப
மீதி எட்டு நாளுக்காக
நாங்கள் மட்டும் ஒரு மாதம் அசையாமல் நின்றோம்.

இருநூற்று ஆறாம் தாள் இருதயராஜுடையது.
*கரையில் ஆட்கள் கூடினர். இளநீர் காட்டினர்.
எங்கள் பீப்பாயைத் தொட்ட ஒருவனைச் சுட்டோம்.
விழுந்தான். மற்றவர் ஓடினர்.
காற்று தென்மேற்கு, மிதம்.*

முதல் தடவை கோபமாக வாசித்தான்.
அடுத்த தடவை கடைசி வார்த்தையில் தொண்டை கட்டியது.
"அவன் எப்படி எழுதினானோ அப்படிப் படி"
என்றாள் பைரோஜா, அவனைப் பார்க்காமல்.
மூன்றாம் தடவை
காற்றைச் சொல்வதுபோலவே ஆளையும் சொன்னான்.
எழுந்து போய் வாசல் குடத்தில் முகம் கழுவினான்.
நான் கருவியை நிறுத்த மறந்திருந்தேன்.
திறந்த கதவு வழியே
மொபட்டில் ஒருவர் கத்திக்கொண்டு போனார்:
கல்லுப்பேய்... கல்லுப்பு...

மாதங்கியின் பிழைப் பட்டியல் வியாழன் வந்தது, குரல் செய்தியாக.
"நூற்றெண்பதில் ழகரம் சரியில்லை.
நூற்றுத் தொண்ணூற்றொன்றில் யாரோ இருமுகிறார்கள்.
இருநூற்று ஆறின் முடிவில் உப்பு விற்கிறார்கள்,
அது இருக்கட்டும்.
ஆனால் சுடப்பட்ட ஆளின் பெயரை
விட்டுவிட்டுப் படித்திருக்கிறீர்கள்.
திரும்பப் படிக்கவும்."

தாளை எடுத்துப் பார்த்தோம்.
மெத்தையை விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
சவுடேஸ்வரி பின்பக்கத்தையும் பார்த்தாள்.
அடுத்த மின்தடை பத்தொன்பதாம் தேதி.
அதற்குள்
யாராவது அவளுக்கு ஃபோன் செய்ய வேண்டும்.