ஐந்து கோடி

புதன்கிழமைத் தபாலில் வந்தன
புர்க்டோர்ஃபுக்கு ஐந்து கோடி உயிர்கள்.
தபால்காரி கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை.
குளிரில் வைக்கவும், உறைய விடாதீர் என்றது உறை.
தயிருக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே வைத்தேன்.

இரவு பால் எடுக்கப் போனவர் கேட்டார்:
"இதென்ன, குரக்கன் மாவோ?"
"நூற்புழு" என்றேன்.
அந்தத் தட்டை அதன்பின் அவர் தொடவில்லை.

மே மாதம்
நிலானியின் முழங்கால் மடிப்பில் ஓர் எள்.
எள் என்றுதான் நினைத்தேன்,
கால்கள் இருந்தன.
பத்தாம் நாள் அதைச் சுற்றிச் சிவப்பாய்
தேநீர்க் கோப்பை வைத்தெடுத்த தடம்.
மூன்று வாரம் மாத்திரை.
அதற்குப் பிறகு புல்லில் இறங்க மாட்டாள்.
கல் பதித்த பாதையில் நின்றுதான்
பந்தை உதைப்பாள், எடுக்க நான் போவேன்.

மருந்தடிக்க வழியில்லை.
வேலிக்கு அப்பால் லூத்தியின் தேனீப் பெட்டிகள்.
ஆகவே இது.

செப்டம்பர் மாலை, வெயில் போனபின்
வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தேன்.
பூவாளியின் சல்லடையைக் கழற்றச் சொன்னாள் லூத்தி.
வேலியில் சாய்ந்தபடி மற்றதையும் சொன்னாள்:
பசித்த உண்ணியை இவை அதிகம் தேடாதாம்.
மானிடம் குடித்து, வீங்கி, உதிர்ந்து
சருகடியில் முட்டையிடக் கிடக்கிறாளே,
அவளைத்தான்.
வாய் வழியே உள்ளே போய்
சுமந்து வந்த கிருமியை அவிழ்த்துவிடும்.
அவள் முடிந்ததும்
அவளுக்குள் பெருகவும் தெரியாமல்
இவையும் முடிந்துவிடும்.

எனக்கு அந்த ஒன்பதாம் மாதம் நினைவு வந்தது.
கணுக்கால் பொருமி,
இதே ஆப்பிள் மரத்தடியில் எழ முடியாமல் கிடந்த மதியம்.

கலக்கிய குச்சி நின்றது.

"நிறுத்தாதே" என்றாள் லூத்தி,
"அடியில் படிந்துவிடும்."

கலக்கினேன். ஊற்றினேன்.
வேலியோரம், விறகடுக்கின் அடி,
ஊஞ்சலின் கீழே இரண்டு முறை.
பார்க்க ஒன்றுமில்லை.
ஈரப் புல், கொஞ்சம் கலங்கல்.
"இப்ப எல்லாம் நீந்துதோ?" என்றாள் நிலானி
பாதையில் நின்றபடி.
"ஓம்."
"அதுகளுக்கு இருட்டில் கண் தெரியுமோ?"
கண்ணே இல்லை என்று சொல்லவில்லை.

வெற்று உறையின் பின்புறம்
எறும்பெழுத்தில் ஒரு வரி:
உண்ணிக்கு உத்தரவாதம் இல்லை.

வழக்கம்போல் அன்றிரவும்
கைவிளக்கைப் பிடித்துத் தேடினேன்.
காது மடலுக்குப் பின், அக்குள்,
முழங்கால் மடிப்பு.
எள் இல்லை.
இடுப்பருகே ஒரு மச்சம்.

போன வருடமும் இருந்ததா இது?